பள்ளிக்குப் போகும் வழி: செங்கல்பட்டு வட்டாரத்தில் உயர்நிலைப்பள்ளி வாழ்க்கை, 1940–1967

என் பெரியப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டுப் புத்தகம். கெட்டி அட்டையின் ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கிறது. உள்ளே பிறந்த தேதி, தகப்பனார் பெயர், சாதி, நான்காம் பாரம் முதல் ஆறாம் பாரம் வரை வாங்கிய மார்க்குகள், ஹெட்மாஸ்டரின் கையெழுத்து. அங்க அடையாளம் என்ற இடத்தில் இரண்டு வரி: வலது கன்னத்தில் மச்சம், இடது முழங்காலில் தழும்பு. மச்சம் பிறவியிலேயே இருந்தது. தழும்பு, சிங்கப்பெருமாள்கோயில் ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடிக்க ஓடியபோது ஜல்லியில் விழுந்து வாங்கியது. அன்றைக்கு அரைப்பரீட்சை. வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போட்டுவிட்டது உடன் வந்த இரண்டு பையன்கள். அந்த இருவரில் ஒருவரோடு பெரியப்பாவுக்கு இன்றும் பழக்கம் உண்டு. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் பெயர் பாதிக்கு மேல் மறந்துவிட்டது. ரயிலில் உடன் வந்தவர்களின் பெயரை ஊரோடு சேர்த்துச் சொல்கிறார்.

நம் பக்கத்து உயர்நிலைப்பள்ளி வாழ்க்கையைப் பற்றி எனக்கு எழுதத் தோன்றியதே இதனால்தான். 1940-களிலிருந்து 1967 வரை, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் கடற்கரை வரையுள்ள ஊர்களில் உயர்நிலைப்பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பாடம் தவிர என்ன வாழ்க்கை இருந்தது? எங்கே கூடினார்கள், யாரோடு பழகினார்கள், எதைக் கண்டு ஒருவரையொருவர் மதித்தார்கள்? கல்வித் துறையின் ஆண்டறிக்கைகள் பள்ளிகளையும் தலைகளையும் எண்ணுகின்றன. பள்ளிகளின் நூற்றாண்டு மலர்கள் தலைமையாசிரியர்களையும் கட்டடங்களையும் வரிசைப்படுத்துகின்றன. தன்வரலாறு எழுதியவர்களோ பெரும்பாலும் பெரிய பதவிக்குப் போனவர்கள். அவர்கள் நினைவில் ஆசிரியர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். இவை எல்லாமே பள்ளிக் கேட்டுக்கு உள்ளே நடந்தவற்றைப் பேசுகின்றன. நான் கேட்டறிந்த வரையில், இந்த வட்டாரத்து மாணவர் வாழ்க்கையில் பெரும்பகுதி கேட்டுக்கு வெளியே, போகும் வழியிலும் வரும் வழியிலும்தான் நடந்திருக்கிறது. அந்த வழியில் யார் நடக்க முடிந்தது, யார் நடக்க முடியவில்லை என்பதே இந்தக் கேள்வியின் உயிர் என்று நினைக்கிறேன்.

இதே கேள்வியை இதே காலத்தில் அமெரிக்காவில் ஒருவர் முறையாகக் கேட்டார். ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் இல்லினாய் மாநிலத்துப் பத்து உயர்நிலைப்பள்ளிகளை ஆராய்ந்து, ‘தி அடோலசென்ட் சொசைட்டி’ என்ற நூலை 1961-இல் வெளியிட்டார். நன்றாகப் படிக்கிற பையனைவிட நன்றாக ஆடுகிற பையனுக்கே சக மாணவர்களிடம் மதிப்பு அதிகம் என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. அந்த நாட்டில் 1950 வாக்கில் 14 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் நான்கில் மூவர் உயர்நிலைப்பள்ளியில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை இரவு ஊரே திரண்டு பார்க்கும் அமெரிக்கக் கால்பந்தாட்டம், வருட முடிவில் பையன்களும் பெண்களும் ஜோடி சேர்ந்து போகும் நடன விருந்து, எல்லார் படமும் அச்சாகிய ஆண்டுமலர், அப்பாவிடம் இரவல் வாங்கிய கார் என்று அவர்களுக்கென்றே ஒரு தனி உலகம் உருவாகியிருந்தது. அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான உலகம் என்று எண்ணிவிடக் கூடாது. தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி. 1954-இல் உச்ச நீதிமன்றம் அது கூடாது என்று தீர்ப்பளித்தது. மூன்றாண்டு கழித்து லிட்டில் ராக் நகரில் ஒன்பது மாணவர்கள் ஒரு பள்ளிக்குள் நுழைய ராணுவம் காவலுக்கு வரவேண்டியிருந்தது. அங்கேயும் சண்டை பள்ளிக்குப் போகும் வழியில்தான் நடந்தது.

நம் பக்கம் கணக்கே வேறு. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர். பெண்களில் நூற்றுக்கு 9 பேருக்கும் குறைவு. அந்த நாட்களில் ஆறாம் பாரம் வரை எட்டுவது ஒரு கிராமத்தில் ஓரிரு வீடுகளுக்கு மட்டும் வாய்த்த காரியம். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு முதல் பாரம், அங்கிருந்து ஆறு பாரம், முடிவில் அரசாங்கப் பரீட்சை. மாதாமாதம் ‘சம்பளம்’ கட்டவேண்டும். வாத்தியார் வாங்குவதும் சம்பளம், பையன் கட்டுவதும் சம்பளம்தான். அரைச் சம்பளச் சலுகை கிடைத்தவர்கள்கூடச் சம்பளத் தேதி நெருங்கினால் வகுப்புக்கு வர அஞ்சினார்கள்.

பள்ளிகள் இருந்த இடங்களைப் பார்த்தாலே நிலைமை விளங்கும். காஞ்சிபுரத்தில் ஸ்காட்லாந்து மிஷனின் ஆண்டர்சன் பள்ளி, அண்ணாதுரை படித்த பச்சையப்பன் பள்ளி. செங்கல்பட்டில் அதே மிஷன் வழிவந்த புனித கொலம்பா பள்ளி, கத்தோலிக்கரின் புனித சூசையப்பர் பள்ளி, இராமகிருஷ்ண மிஷன் பள்ளி. இவை தவிர ஜில்லா போர்டு நடத்திய பள்ளிகள் தாலுகாத் தலைநகர்களிலும் பெரிய ஊர்களிலும் இருந்தன. ஊரார் வாயில் அவை ‘போர்டு ஹைஸ்கூல்’. பெரும்பாலானவை ரயில் பாதையை ஒட்டியோ கோயில் நகரங்களிலோதான் அமைந்தன. கிழக்கே கடலை நோக்கிப் போகப் போகப் பள்ளிகள் குறைந்துகொண்டே வந்தன. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் 9 மைல், அங்கிருந்து மாமல்லபுரம் இன்னொரு 9 மைல். கடற்கரைக் குப்பங்களில் தொடக்கப்பள்ளியோடு பெரும்பாலும் படிப்பு நின்றுவிடும்.

ஆகவே உயர்நிலைப்பள்ளிப் பையன் என்றாலே வழிநடைப் பையன். ரயில் பாதையில் இருந்தவன் கொடுத்துவைத்தவன். வடக்கே கூடுவாஞ்சேரி, காட்டாங்கொளத்தூர், சிங்கப்பெருமாள்கோயில். தெற்கே ஒத்திவாக்கம், படாளம், கருங்குழி. மேற்கே அரக்கோணம் கிளைப் பாதையில் பாலூர், வாலாஜாபாத். இத்தனை திசைகளிலிருந்தும் காலையில் பையன்கள் செங்கல்பட்டு ஜங்ஷனில் வந்து இறங்கினார்கள். தாம்பரம் வரை 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. செங்கல்பட்டுக்கு மின்சாரம் வந்தது 1965-இல். அதுவரை கரி எஞ்சின். வெள்ளைச் சட்டையில் கரித்தூள் படியாமல் பள்ளி சேர்வது ஒரு வித்தை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தவன் கண்ணில் தூள் விழுந்து கசக்கிக்கொண்டே இறங்குவான். சீசன் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்தால் தொலையும் என்று அரைஞாண் கயிற்றில் கட்டிவிடும் தாய்மார் உண்டு.

அந்தப் பெட்டிக்குள் நடந்ததைத்தான் நான் மாணவர் சங்கம் என்பேன். ஒருவன் கணக்குப் போட்டிருப்பான், நான்கு பேர் பார்த்து எழுதுவார்கள். 1947-இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ ஒன்று யாரிடமாவது இருக்கும்; ஒத்திவாக்கத்தில் ஏறியவன் ஒரு கதை, படாளத்தில் ஏறியவன் ஒரு கதை என்று முறைபோட்டுப் படிப்பார்கள். மாலையில் ரயில் தாமதமானால் கொளவாய் ஏரிக்கரை இருக்கிறது. ஸ்டேஷனை ஒட்டி அலையடிக்கும் அந்த ஏரிதான் அந்தத் தலைமுறைக்கு மைதானம், நீச்சல் குளம், நூலகம் எல்லாம். ஐந்தாம் பாரத்துப் பெரிய பையன்கள் முதன்முதலில் பீடி புகைத்துப் பார்த்ததும் அதே கரையில்தான். மதிய உணவைத் தூக்குப்போணியில் கொண்டுவந்து, சாப்பிட்டு மிஞ்சியதை மாலை அந்தக் கரையில் பங்கிட்டுக்கொண்டார்கள். பள்ளிக்குள் யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதில் இருந்த பேதம், ஓடும் ரயிலின் பலகை பெஞ்சில் அவ்வளவாகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்று அந்த நாளில் படித்த பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முழுக்க ஒழிந்தது என்று யாரும் சொல்லவில்லை.

ரயில் இல்லாத ஊர்ப் பையன்கள் நடந்தார்கள். நாலு மைல், ஐந்து மைல். ஐப்பசி அடைமழையில் ஏரிகள் நிரம்பிக் கலங்கல் பாயும்போது புத்தகத்தைத் தலையில் கட்டிக்கொண்டு ஓடையைக் கடந்தார்கள். பெரியவன் சின்னவனைத் தோளில் தூக்கிக் கடத்திவிட்டதைச் சொல்லாத பழைய மாணவரை நான் பார்த்ததில்லை. அந்தத் தோள் உறவு கடைசி வரை நிலைக்கிறது. ஒரே ஊரிலிருந்து நடந்தவர்கள் ஒருவருக்கொருவர் கலியாணத்துக்கும் கருமாதிக்கும் தவறாமல் போகிறார்கள்.

இனிக் கேட்டுக்கு உள்ளே. விளையாட்டை அதிகம் நீட்ட வேண்டாம். சடுகுடு, கால்பந்து, பூப்பந்து, ஆண்டுக்கொருமுறை ஸ்போர்ட்ஸ் டே. ஒரே ஒரு செய்தி இங்கே சொல்லத்தக்கது. டிரில் மாஸ்டர் என்ற உத்தியோகத்துக்குப் பயிற்சி தந்த ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-இல் சென்னையில் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். வாலிபால், பாஸ்கெட்பால் இரண்டுமே அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. வட்டாரத்தில் பிறந்த ஆட்டங்கள். இந்தியானாவில் ஒரு பையன் கூடையில் போட்ட அதே பந்தை இங்கே ஒரு பையன் வெறுங்காலோடு போட்டுப் பழகினான். ஆனால் ஆட்டம் பார்க்க ஊர் திரளவில்லை.

ஊர் திரண்டது பேச்சுக்கு. கோல்மன் செங்கல்பட்டுக்கு வந்து, இங்கே மாணவர்கள் யாரை வியக்கிறார்கள் என்று கேட்டிருந்தால், மேடையில் மூச்சுவிடாமல் தமிழ் பேசுகிற பையனைத்தான் காட்டியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் இலக்கிய மன்றம். தமிழையா தலைமை. ஒருவன் வரவேற்பு, ஒருவன் நன்றி, நடுவில் இரண்டு கட்சி: நகர வாழ்வா கிராம வாழ்வா, கண்ணகியா மாதவியா. மனப்பாடம் செய்துவந்து பாதியில் மறந்து நிற்பவனுக்கு வகுப்பே சேர்ந்து சொல் எடுத்துக் கொடுக்கும். இந்தப் பேச்சுப் பைத்தியத்துக்கு ஊருக்கு வெளியேயும் ஊற்று இருந்தது. அண்ணாதுரையின் ‘திராவிட நாடு’ வார இதழ் 1942-இல் தொடங்கியது பக்கத்துக் காஞ்சிபுரத்திலிருந்து. 1949-இல் தி.மு.க. பிறந்த பிறகு ஊர்தோறும் படிப்பகங்கள் முளைத்தன. கீற்றுக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, நாலைந்து பத்திரிகை. பள்ளிவிட்டு வரும் பையன் அங்கே நின்று அடுக்குமொழியைக் கற்றுக்கொண்டான். ஆசிரியர் காதுக்கு எட்டாமல் இரவுக் கூட்டத்துக்குப் போய், மறுநாள் ரயிலில் அந்தப் பேச்சை அப்படியே பேசிக் காட்டினான். 1952-இல் ‘பராசக்தி’ வந்ததும் நீதிமன்ற வசனம் பேசத் தெரியாத பையன் பையனாகவே கருதப்படவில்லை. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்த படம், பள்ளி ஆண்டு விழா மேடையில் மறுபடி நடந்தது. பெண் வேடமும் பையன்களுக்கே. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’, ‘மனோகரா’ போன்ற நாடகங்கள் பள்ளிகளில் நெடுங்காலம் ஓடின.

இந்தப் பேச்சுப் பழக்கம் வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடவில்லை. 1938-இல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோதும், 1965 ஜனவரியில் இந்தி மத்திய அரசின் ஒரே ஆட்சிமொழியாகும் நாள் வந்தபோதும் தெருவுக்கு வந்தவர்கள் மாணவர்கள். 1965-இல் முன்னின்றவை கல்லூரிகள். உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் பின்னால் கோஷமிட்டுக்கொண்டு போனார்கள். அப்போது முதலமைச்சராக இருந்த பக்தவத்சலமும் இதே செங்கல்பட்டு ஜில்லாக்காரர். எதிரே கொடிபிடித்த பையன்களும் அவர் மாவட்டத்துப் பிள்ளைகள்தாம். வெள்ளிக்கிழமை மன்றத்தில் பழகிய நாக்குதான் அன்று தெருவில் பேசியது என்பது என் துணிபு.

சாரணர் இயக்கம் இருந்தது. பல பிரிவுகளாக இருந்த அமைப்புகள் 1950-இல் ஒன்றாகிப் பாரத சாரணர் சாரணியர் அமைப்பாயின. திருவிழாக் கூட்டத்தில் தண்ணீர் கொடுப்பதும் வழி ஒதுக்குவதும் அவர்கள் வேலை. கைத்தொழில் வகுப்பில் தக்ளியில் நூல் நூற்றார்கள். இவற்றைவிட எல்லார் நினைவிலும் பசுமையாக இருப்பது எக்ஸ்கர்ஷன்.

செங்கல்பட்டுப் பள்ளிகளுக்கு எக்ஸ்கர்ஷன் என்றால் மாமல்லபுரம். விடியுமுன் அம்மாக்கள் புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக் கொடுப்பார்கள். முதலில் திருக்கழுக்குன்றம். 500-க்கு மேற்பட்ட படி ஏறி, உச்சிப்பொழுதில் குருக்கள் பிரசாதம் வைக்கக் கழுகு வந்து உண்பதைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போவார்கள். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரை தொடராக வந்ததிலிருந்து அந்தப் பாறைகளுக்குப் பையன்கள் கண்ணில் புது உயிர் வந்திருந்தது. அர்ச்சுனன் தபசு என்கிற பெரும்பாறைக்கு முன்னால் தமிழையா நின்று நரசிம்மவர்மன் காலத்தைச் சொல்ல, பின்வரிசைப் பையன்கள் தபசு செய்யும் பூனையைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். உள்நாட்டு ஏரிப்பாசன ஊர்களிலிருந்து வந்த பல பையன்களுக்கு அதுதான் கடலை முதன்முதலாகப் பார்த்த நாள்.

பெரியப்பா அந்த நாளைச் சொல்லும்போது ஓரிடத்தில் குரல் மாறும். கடற்கரைக் கோயில் பக்கம் ஒரு பையன் சிப்பி மாலை விற்றுக்கொண்டிருந்தான். இவர் வயதுதான். மாலை ஓரணா. “நீ எத்தனாவது படிக்கிறே?” என்று இவர் கேட்டிருக்கிறார். அவன் இவருடைய காக்கி நிஜாரையும் காலிலிருந்த செருப்பையும் பார்த்துவிட்டு, “எங்க ஊட்ல எல்லாம் வலைக்கு” என்றானாம். அந்தப் பையன் மாலைக்குமேல் இரண்டு சங்கு சும்மா கொடுத்தான். அவற்றில் ஒன்று இன்னும் அதே டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

கரையோரத்தை நான் இந்தக் கட்டுரையில் நடுவில் வைக்க விரும்புகிறேன், ஓரத்தில் வைக்க மனம் வரவில்லை. கோவளம், தேவனேரி, வெண்புருஷம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம்: இந்தக் குப்பங்களில் பதினான்கு வயதுப் பையனுக்கும் சமூக வாழ்க்கை இருந்தது. அது கரைவலை இழுக்கும் வரிசையில் இருந்தது. விடியலில் கட்டுமரம் தள்ளும்போது எத்தனாவது ஆளாகக் கைவைக்கலாம், மீன் பங்கில் அவனுக்கு எவ்வளவு என்பதில் இருந்தது. பெரிய ஆண்களோடு நின்று பங்கு வாங்கும் நாளே அவனுடைய பிரிவுபசார விழா. அவனுக்கும் ஹைஸ்கூலுக்கும் இடையில் பக்கிங்காம் கால்வாய் ஓடியது. அந்தக் கால்வாயில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் சென்னைக்குப் போயின. பள்ளிப் பையனை ஏற்றிப்போக ஒரு படகும் நேரத்துக்கு ஓடவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது 1990-களின் கடைசியில். கல்பாக்கத்தில் அணுமின் நிலையமும் அதன் நகரியமும் எழும்பத் தொடங்கியது 1970-களில். அதுவரை இந்தக் கரை மேற்கே பார்த்து நின்றது.

மாமல்லபுரத்துக்கென்று 1957-இல் அரசு ஒரு பள்ளி தொடங்கியது. கட்டடக்கலை, சிற்பக்கலைப் பயிற்சிப் பள்ளி. முதல் முதல்வர் வைத்தியநாத ஸ்தபதி. ஏழாம் நூற்றாண்டுப் பாறைகளுக்குப் பக்கத்திலேயே இளைஞர்கள் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, தாளமானம் என்ற சிற்ப அளவுமுறையைக் கற்றார்கள். அந்தப் பள்ளி மாணவனின் நட்பும் போட்டியும் மதிப்பும் எல்லாம் கல்லைச் சுற்றியே. யாருடைய உளி அதிகம் மழுங்காமல் நிற்கிறது, யார் சிலைக்குக் கண் திறக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டான் என்பதே பேச்சு. இன்று அந்த ஊர்த் தெருக்களில் காது நிறையக் கேட்கும் உளிச்சத்தத்துக்கு அந்தப் பள்ளிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஊர்க் குப்பத்துப் பிள்ளைகளின் ஹைஸ்கூல் பசியை ஆற்ற அது ஏற்பட்டதல்ல.

சேரிப் பிள்ளைகளின் வழி இன்னும் கடினமானது. இந்த மண் இரட்டைமலை சீனிவாசன் பிறந்த மண். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம் அவர் ஊர். தன்வரலாற்றில் தம் பள்ளிநாளின் ஒதுக்கத்தை அவரே சொல்லியிருக்கிறார். அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும் பள்ளிக்குப் போகும் பாதை ஊர்த் தெருவுக்குள் புகுந்தால் சுற்றிப் போன பிள்ளைகள் இருந்தார்கள். மிஷன் பள்ளிகளும் அரசின் ஹரிஜன மாணவர் விடுதிகளும்தான் அந்தச் சுற்றுவழியைக் குறுக்கின. விடுதி என்பது வெறும் சோறும் பாயும் அல்ல. வழியே இல்லாமல் பள்ளி அருகிலேயே இருக்கும் வசதி. விடுதிப் பையன்களுக்கிடையே வளர்ந்த தோழமையை யாராவது தனியே எழுதவேண்டும், அவர்கள் இருக்கும்போதே.

செங்கல்பட்டுக் கோட்டைக்குள் இன்னொரு பள்ளியும் இருந்தது. குற்றம் செய்து பிடிபட்ட சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்தது. ரயிலில் வந்த பையன்கள் அந்த மதிலைப் பார்த்துக்கொண்டேதான் வகுப்புக்குப் போனார்கள். உள்ளே இருந்தவர்களும் அதே பாரத்து வயதுப் பையன்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது மனம் கனக்கிறது. 1929 பிப்ரவரியில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது செங்கல்பட்டில். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும், தொடக்கப்பள்ளிகளில் பெண்களையே ஆசிரியர்களாக அமர்த்தவேண்டும் என்றெல்லாம் அங்கே தீர்மானம் போட்டார்கள். அந்த மேடை போட்ட ஊரிலேயே, கால் நூற்றாண்டு கழித்தும், பெண் வயதுக்கு வந்துவிட்டால் பள்ளி நின்றது. என் அத்தை எட்டாம் வகுப்பு வரை உள்ளூரில் படித்தார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மேலே படிக்க ரயிலேற வேண்டும். அண்ணன் ஏறும் அதே ரயில், அதே பெட்டி, அதே ஊர். அண்ணனோடு போகட்டும் என்று பாட்டி சொல்லிப் பார்த்தார். தாத்தா ஒப்பவில்லை. அந்த வருஷத்திலிருந்து பெரியப்பாவின் நோட்டுகளுக்குப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டுப் பெயர் எழுதித் தந்தது அத்தைதான். ‘அம்புலிமாமா’வை வாசலில் நின்று எதிர்பார்த்ததும் அவர்தான்.

படிக்கப் போன சில பெண்களுக்கும் உலகம் விரியவில்லை. ஆண்களும் சேர்ந்து படித்த பள்ளியில் பெண்களுக்கென்று தனி அறை ஒன்று இருக்கும். மணி அடித்ததும் ஆசிரியர் அந்த வழியாக வருவார். பெண்கள் அறையிலிருந்து வெளிப்பட்டு அவர் பின்னால் வரிசையாக வகுப்புக்குள் நுழைந்து முன்பெஞ்சில் உட்காருவார்கள். பீரியட் முடிந்ததும் அவர் பின்னாலேயே வெளியேறி அந்த அறைக்குத் திரும்பிவிடுவார்கள். ஆறு வருஷம் ஒரே வகுப்பில் படித்தும் ஒரு சொல் பேசிக்கொண்டதில்லை. அவர்களுடைய பள்ளி வாழ்க்கை அந்த அறைக்குள் நடந்தது: கோலாட்டம், ரிங் டென்னிஸ், ஒருவர் தலையில் இருந்த கனகாம்பரத்தைக் கிள்ளி எல்லாரும் வைத்துக்கொள்வது, யாருக்கு அடுத்து கலியாணம் நிச்சயமாகும் என்ற பேச்சு. அமெரிக்கப் பெண் நடன விருந்துக்கு யார் அழைப்பார் என்று காத்திருந்த அதே வயதில், நம் பெண் அடுத்த ஜூனில் பள்ளிக்கு வருவோமா என்று காத்திருந்தாள்.

மாசி பிறந்தால் ஆறாம் பாரத்துக்கு நைட் ஸ்டடி. ஊரில் மின்சாரம் இல்லாத காலம். பையன்கள் பாயும் அரிக்கேன் விளக்குமாகப் பள்ளிக்கே வந்து தங்கிப் படித்தார்கள். ஒரு வாத்தியார் மேஜையைச் சேர்த்துப் போட்டு அங்கேயே படுப்பார். வெளியூர்ப் பையன்களுக்கு முதன்முறையாக அந்த இரண்டு மாதமும் வழிநடை இல்லை. அந்த இரவுகளில்தான் உள்ளூர்ப் பையனும் ரயில் பையனும் உண்மையிலேயே பழகினார்கள். பரீட்சை முடிவு வருவது பத்திரிகையில், வெறும் எண்களாக. ஜங்ஷனில் பேப்பர்க் கட்டு இறங்கும்போது நாற்பது ஐம்பது பையன்கள் பிளாட்பாரத்தில் நிற்பார்கள். ஒருவன் பேப்பரை விரித்து உரக்க எண் வாசிப்பான். தன் எண்ணைத் தாண்டி அடுத்த எண்ணை வாசித்துவிட்டால் அந்தப் பையன் மெல்ல நகர்ந்து ஏரிக்கரைப் பக்கம் போய்விடுவான். அவன் பின்னாலேயே இருவர் போவார்கள், தேறியவர்கள்கூடப் போவார்கள்.

1954-க்குப் பிறகு இந்த வழியையே சுருக்க ஓர் அரசு முனைந்தது. காமராஜர் முதலமைச்சரானதும், முந்தைய ஆண்டு வந்த அரைநேரப் படிப்புத் திட்டம் கைவிடப்பட்டது. கல்வித் துறையின் இயக்குநரான நெ. து. சுந்தரவடிவேலு இந்த மாவட்டத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர்; ஏரிக்கரையும் கலங்கலும் தெரிந்தவர். ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப்பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி என்று அந்த அரசு கணக்குப் போட்டது. கல்வியை மைலால் அளந்தார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பிள்ளையின் காலைக் கொண்டு யோசித்த திட்டம் அது. 1958-இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கியதும் இந்த ஜில்லாவின் கடம்பத்தூரில்தான். ஊரார் பெஞ்சு கொடுத்தார்கள், கரும்பலகை கொடுத்தார்கள், நிலம் கொடுத்தார்கள். மதிய உணவு வந்தது. 1960-களில் அமெரிக்காவின் கேர் நிறுவனம் அனுப்பிய பால்பவுடர் அதில் சேர்ந்தது. சோறு கிடைத்தது கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு. ஆனால் அங்கே தங்கிய பிள்ளைகள்தாம் சில வருஷத்தில் உயர்நிலைப்பள்ளிக் கதவைத் தட்டினார்கள். 1960-களின் நடுவில் பள்ளியிறுதி வரை சம்பளமும் ஒழிந்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஐந்து மைல் என்பது பையனுக்குத்தான் ஐந்து மைல். பெண்ணுக்கு அது வேறு அளவு. குப்பத்துக்குக் கால்வாய் குறுக்கே கிடந்தது. சீரமைப்பு மாநாட்டின் வெற்றியை எழுதுகிற பலர் இந்த இரண்டையும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அமெரிக்க ஆண்டுமலருக்கு இணையாக நம் பிள்ளைகளிடம் இருந்தது ஆட்டோகிராப். உள்ளங்கை அளவு நோட்டு. இளஞ்சிவப்பு, வெளிர்நீலம், பச்சை என்று பக்கத்துக்கு ஒரு நிறம். ஆறாம் பாரத்துக் கடைசி வாரத்தில் அது கைமாறிக்கொண்டே இருக்கும். சிலர் பக்கத்தின் மூலையை மடித்து உள்ளே ரகசியமாக எழுதுவார்கள். பெரியப்பாவின் ஆட்டோகிராபும் பெட்டியில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது. நாற்பத்தோரு கையெழுத்து. வகுப்புப் பிரிவை எழுதியவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோர் பெயருக்குக் கீழே ஸ்டேஷன் பெயரை எழுதியிருக்கிறார்கள்: பாலூர், படாளம், கூடுவாஞ்சேரி. திருக்கழுக்குன்றத்திலிருந்து இருவர். அதற்குக் கிழக்கே ஓர் ஊரும் இல்லை. முதல் பக்கத்தில் பெரியப்பாவின் பெயரைப் பூவேலை சுற்றி வண்ணப் பென்சிலால் எழுதியிருப்பது அத்தை. உள்ளே எந்தப் பக்கத்திலும் அவர் கையெழுத்து இல்லை.